கன்னி மூலையில் வைத்த ஒலிப்பெட்டி

அன்று பிற்பகல் பெருந்துறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: அவினாசியப்பன் ஆகிய நான், என் மருமகள் நித்திலா, காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சௌந்தரம், அவள் மகன் இளம்பரிதி, பழைய வீடியோக்களைப் புது வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் ஜெசிந்தா என்ற ஈரோட்டுப் பெண். ஐந்து பேர். ஆறாவது ஆள் இல்லை. ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டதாகச் சொல்லித் திரிகிற எதிர்வீட்டுக்காரர் அன்று பழனிக்குப் போயிருந்தார். அவர் ஏறிய பேருந்துக்கு நானே கையசைத்தேன்.

சௌந்தரம் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். பிறந்த வீட்டுக்குள் முப்பத்தைந்து வருடம் கழித்துக் காலெடுத்து வைக்கிறவள், இங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொந்தத் தண்ணீரோடு வந்தாள். பகை இருக்கும் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாட்டிலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

காரணம் அவள் கல்யாணத்தில் நடந்தது. தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், மாப்பிள்ளையின் தாய்மாமன் மருதாசலத்தை மேடைக்கு அழைத்து மாலை போட்டார்கள். தாய்மாமன் மரியாதை எங்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. மருதாசலம் இளவயதில் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவர். பின்னாளில் சொந்தமாக அரிசி ஆலை வைத்தவர். மாலை கழுத்தில் விழுந்தது. மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் ஓர் ஆண் குரல் சொன்னது: “மூட்டை தூக்குனவனுக்கெல்லாம் முன்வரிசை மாலை.”

வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசிய குரல். யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மண்டபத்தில் பாதி ஆண்கள் வெற்றிலை போட்டிருந்தார்கள். மருதாசலம் மாலையைக் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். கல்யாணம் நடந்தது, உறவு நின்றுபோனது. பெண் வீட்டார்தான் சொன்னார்கள் என்று அவர்கள். மருதாசலத்தின் வளர்ச்சி பொறுக்காத அவருடைய பங்காளி எவனோதான் சொன்னான் என்று நாங்கள். நான் அப்போது வாசலில் சந்தனத் தட்டோடு நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். என் காதில் எதுவும் விழவில்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா வளர்த்த குடும்பம் இது.

மருதாசலம் அந்த மனத்தாங்கலோடே போய்ச் சேர்ந்தார். போன வருடம் சௌந்தரத்தின் கணவரும் காலமானார். கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போக வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே மருதாசலத்தின் மகன்கள் நின்றார்கள்.

“எங்கப்பனை மூட்டை தூக்கின்னு சொன்ன வீட்டுக் கோடி இங்க வேண்டியதில்லீங்.”

சேலையோடு திரும்பினேன். கோடியைத் திருப்பிக்கொண்டு வந்த வீடு என்று இந்த வட்டாரத்தில் இன்னொன்று இல்லை.

சில மாதம் கழித்து சௌந்தரம் தொலைபேசியில் பேசினாள். “ஏனுங்ணா, நா செத்தாலும் இப்பிடித்தான் திருப்பி அனுப்புவாங்க. பொறந்த வீட்டுக் கோடி இல்லாத பொணமாப் போறதுக்கா நா உங்ககூடப் பொறந்தேன்?”

“நம்ம ஆளுங்க சொல்லலைன்னு நிரூபிச்சுக் காட்டறேன்.”

“நிரூபிக்கச் சொல்லலீங்ணா. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா…”

“செய்யாத தப்புக்கா?”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிரூபிக்க வழி வந்திருந்தது. இடஞ்சுட்டி என்ற அந்த இயந்திரத்தைப் பற்றி முதலில் சொன்னவள் நித்திலாதான்.

“சத்தத்தை வெச்சு இடத்தைச் சொல்லுங் மாமா. ஆறு பக்கமும் பதிஞ்ச சத்தத்தை ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்து, இன்ன பேச்சு இன்ன நாற்காலியில இருந்து வந்துச்சுன்னு ஒரு புள்ளி வெச்சுக் காட்டும்.”

“குரல் யாருதுன்னே சொல்லிட்டாப் போகுதே?”

“குரலை ஆரு மாமா இப்ப நம்பறா? உங்க குரல்ல நானே நூறு பேச்சுப் பண்ணிருவேன். கோர்ட்டே குரலைச் சாட்சியா எடுக்கறதில்லை. இடத்தைப் பொய்யாப் பண்றதுதான் சிரமம்ங்கறாங்க.”

இந்த இயந்திரம் வந்த பிறகு ஊர் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். கோபியில் ஒரு மருமகள், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நிச்சயதார்த்தத்தன்று அவள் அம்மாவின் மூக்குத்தியைப் பற்றி யாரோ சொன்ன ஒரு கேலிக்கு, இடஞ்சுட்டி மாமியாரின் நாற்காலியில் புள்ளி வைத்ததாம். இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்துக்குள் போனால் கருவறைக்குள் போனதுபோல அமைதி. எல்லோரும் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். சாம்பாரில் உப்புக் குறைவு என்றுகூட யாரும் வாயைத் திறப்பதில்லை. இலையை மடித்துவிட்டுக் காருக்குள் போய், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொல்கிறார்கள். இதையும் நான் குறை சொல்லவில்லை. ஒழுங்காகப் பேசுகிறவனுக்கு என்ன பயம் என்றுதான் அன்று நினைத்தேன்.

எங்களிடம் கல்யாண வீடியோ இருந்தது. எடுத்துக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் அந்தக் காலத்திலேயே பெருமையாகச் சொன்னார்: “ஆறு பக்கமும் சத்தம் கேக்கும்ங்க. மண்டபத்துல உக்காந்த மாதிரியே இருக்கும்.” படமும் அவ்வளவு துல்லியம், மாப்பிள்ளையின் மீசையில் ஒட்டிய அட்சதையை எண்ணலாம். ஆனால் அது பழைய வடிவம். இடஞ்சுட்டி அதை ஏற்காது. புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது ஆறு வழிச் சத்தமும் குறையாமல் ஆறு வழியாகவே வந்து சேர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா?

முதல் கடைக்காரன் படத்தைக் கொடுத்தான். சத்தமே இல்லை.

“சத்தம் எங்கே தம்பி?”

“படம் சூப்பரா வந்திருக்குதுங்களா ஐயா?”

“நான் படம் கேட்கலை.”

“இந்தத் தெளிவு இப்ப வர்ற படத்துலயே இல்லீங்.”

அடுத்த கடையில் சத்தம் வந்தது. ஆறு வழியையும் நசுக்கி இரண்டாக்கியிருந்தார்கள். கேட்டதற்கு, மனிதனுக்கு இருப்பதே இரண்டு காதுதானே, ஆறு வழி எதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டான். மூன்றாவது கடையில் ஆறும் வந்தன. ஆனால் படமும் சத்தமும் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்து, ஆட்கள் பந்திக்கு எழுந்து போகிற சத்தமும் கேட்ட பிறகு தாலி ஏறியது. இன்னொருவன், அவன் பெயர் வேண்டாம், எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று சத்தியம் செய்து கொடுத்தான். போட்டுப் பார்த்தால் மேளம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, சடங்கு செய்கிற அருமைக்காரர் மட்டும் மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். பேச்சு வர வேண்டிய நடுவழியையே தொலைத்துவிட்டான்.

“விட்டுருங் மாமா” என்றாள் நித்திலா. “இத்தனை அலைச்சலுக்கு நேராப் போய் ஒரு மாலையைப் போட்டுட்டு வந்திருக்கலாம்.”

“குற்றவாளி மாதிரியா?”

“மனுசன் மாதிரிங்.”

அவளுக்கு வாய் நீளம். ஆனால் கடைசியில் ஜெசிந்தாவைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். “அந்தக்கா வாயைத் தொறந்தாச் சிடுசிடுன்னுதான் வருமாம். வேலை சுத்தம்ங்கறாங்க” என்றாள்.

இளம்பரிதி மூலமாக மருதாசலத்தின் மகன்களோடு பேச்சு முடிந்தது. எந்தப் பக்கமிருந்து குரல் வந்ததோ அந்தப் பக்கத்தார் மன்னிப்புக் கேட்பது. மண்டபத்தில் கேமராவுக்குப் பின்னால் இடப்பக்கம் முழுவதும் எங்கள் ஆட்கள்; வலப்பக்கம் அவர்கள். எனவே நாற்காலிவரை போக வேண்டியதில்லை, பக்கம் தெரிந்தால் போதும் என்று நானே சொன்னேன். புள்ளி வைக்கிற வேலைக்கு நேரம் அதிகம் பிடிக்குமாம். காதால் கேட்டாலே தெரிகிற உண்மைக்குப் புள்ளி எதற்கு?

ஜெசிந்தா காலையிலேயே வந்து கூடத்தின் கிழக்குச் சுவரில் திரையைக் கட்டினாள். சுற்றிலும் ஆறு ஒலிப்பெட்டிகள். அவற்றில் ஒன்று மட்டும் ஆட்டுக்கல் கனம். இயந்திரத்தின் மின்கலம் அதற்குள்தான் இருக்கிறதாம். அதைப் பின்பக்கம் வடமேற்கில் வைத்துவிட்டு வண்டியில் இருந்து மீதி ஒயரை எடுக்கப் போனாள். வடமேற்கு வாயு மூலை. அங்கே பாரம் ஏற்றினால் வீட்டில் எதுவும் நிலைக்காது. பாரம் இருக்க வேண்டிய இடம் தென்மேற்கு, கன்னி மூலை. இது தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் உண்டா?

“நித்திலா, அந்தக் கனத்த பெட்டியை இந்தப் பக்கம் வை. இங்க இருக்கறதை அங்க வை.”

“மாமா, ஒவ்வொண்ணுக்கும் இடம் குறிச்சிருக்கும். மாத்தக் கூடாதுங்.”

“ரெண்டும் பின்னாடிதானே இருக்குது? பின்னாடின்னா பின்னாடிதான்.”

“அந்தக்கா வரட்டும், கேட்டுட்டு…”

“நம்ம வீட்டு மூலையை நான் ஈரோட்டுக்காரியைக் கேட்டு வைக்கோணுமா?”

அவள் ஒயரோடு சேர்த்து மாற்றி வைத்தாள், பெட்டியை நகர்த்துகிற சத்தத்திலேயே தன் கருத்தைத் தெரிவித்துக்கொண்டு.

சௌந்தரமும் இளம்பரிதியும் வந்தார்கள். திரைக்கு நேராக நாற்காலிகள் போட்டோம். ஜெசிந்தா விளக்கை அணைத்தாள். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய மண்டபம் எங்களைச் சுற்றி எழுந்து நின்றது. எதிரே நாதசுரம். முதுகுக்குப் பின்னால் கூட்டத்தின் இரைச்சல், ஒரு குழந்தையின் சிணுங்கல், கரண்டிச் சத்தம். சௌந்தரம் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். மருதாசலம் மேடையேறினார். மாலை விழுந்தது. மேளம் நின்றது.

‘மூட்டை தூக்குனவனுக்கெல்லாம் முன்வரிசை மாலை.’

எங்கள் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. சந்தேகமே இல்லை. வலம். அவர்கள் பக்கம்.

நான் எழுந்து நின்றேன். “கேட்டியா இளம்பரிதி?”

அவன் முகம் சுண்டிப்போனது. “கேட்டனுங் மாமா.”

“மருதாசலத்து மக்ககிட்டப் போய்ச் சொல்லு. அவினாசியப்பன் வீட்டு நாக்கு இத்தனை வருசமும் சுத்தமாத்தான் இருந்துச்சுன்னு.”

“மாமா” என்றாள் நித்திலா. “அந்தப் பெட்டி…”

“நீ காப்பி வைக்கப் போ.”

“காப்பி அப்பறம் வைக்கறேன். இதை இப்பச் சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. ஏனுங்க்கா, பின்னாடி இருக்கற ரெண்டு பெட்டியையும் நாங்க இடம் மாத்தி வெச்சுட்டோம். மாமா கன்னி மூலையில பாரம் வேணும்ன்னாருங்.”

ஜெசிந்தா விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு மூலைகளையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஐயா, இடதை வலது பண்ணிட்டு, யாரு பேசினாங்கன்னு பஞ்சாயத்து வேறயா?”

இளம்பரிதிக்கு உயிர் திரும்பியது. “அப்ப எங்க பக்கத்தைக் குத்தவாளி ஆக்கினது உங்க வாஸ்துதானுங்களா மாமா?”

என் வீட்டில், என் மருமகள் வாயால். இதற்கு மேல் என்ன சொல்ல?

பெட்டிகளை மாற்றினார்கள். கன்னி மூலை வெறுமையாயிற்று. மறுபடி மண்டபம், மறுபடி நாதசுரம், மறுபடி மாலை. இந்த முறை குரல் என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து, பிடரியில் மூச்சுப் படுகிற தூரத்தில் கேட்டது. எங்கள் பக்கம். எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம்.

இளம்பரிதி வெற்றி கொண்டாடவில்லை. அது அவன் நல்ல குணம். பேசியவள் சௌந்தரம்.

“பந்தி கீழ்த்தளத்துலதான நடந்துச்சு? கரண்டிச் சத்தம் எப்பிடி நம்ம முதுகுக்குப் பின்னாடி கேக்குது?”

எனக்குப் பிடிமானம் கிடைத்தது. “அதானே! சத்தத்துல கோளாறு இருக்குது. பக்கம் போதாது. நாற்காலியைக் காட்டச் சொல்லு அம்மிணி. புள்ளி வைக்கட்டும்.”

“முதல்லயே வைக்கலாம்னு நா சொன்னப்ப நேரமாகும் வேண்டாம்னது நீங்கதானுங் ஐயா.”

“இப்ப வேணும்கறேன்.”

இயந்திரம் ஓடத் தொடங்கியது. நித்திலா காப்பி கொண்டுவந்தாள். சௌந்தரம் தன் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். திரையில் மண்டபத்தின் வரைபடம் தெரிந்தது. அதில் புள்ளி ஒரு நாற்காலியில் உட்காரும், எழும், வேறு வரிசைக்கு ஓடும், தூணுக்குள் புகும், மண்டபத்துக்கு வெளியே போய் நிற்கும். முகூர்த்த நாளில் செருப்பைத் தொலைத்தவன்போல அலைந்தது. கடைசியில் அணைந்தே போனது.

ஜெசிந்தா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். “ஐயா, இதுல ஆறு வழியே இல்லீங்.”

“ஆறு பெட்டியிலயும் கேட்டுதே?”

“கேக்குங். கேக்கறதும் பதிஞ்சதும் ஒண்ணா? ரெண்டே ரெண்டு மைக்கு. ஒண்ணு கேமரா மேல, இன்னொண்ணு மணவறைப் பந்தல்ல. மிச்சத்தை எல்லாம் ஒரு மென்பொருள் தானா நெனச்சுப் போட்டிருக்குது.”

“நெனச்சுப் போடறதுன்னா?”

“இது பின்னாடி கேட்டா நல்லா இருக்கும், அது இடப்பக்கம் கேட்டா நல்லா இருக்கும்னு அதுவே பிரிச்சு விடும். கூட்டச் சத்தமா, பின்னாடி தள்ளு. தனியா ஒரு பேச்சா, ஒரு ஓரத்துல போடு. அந்தக் காலத்துல முக்காவாசிக் கல்யாணத்துக்கு ஆறு பக்கச் சத்தம்னு கொடுத்தது இதைத்தானுங். அந்தக் கரண்டிச் சத்தம் உங்க கல்யாணத்துதே இல்லை. அழகுக்காக வேற எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்காரு. கவனிச்சுக் கேளுங்க, ஒருத்தரு ‘பாயசம் பாயசம்’னு கத்தறாரு.”

“எங்க கல்யாணத்துல பாயசமே கெடையாது” என்றேன். “ஒப்புட்டுப் போட்டோம்.”

“நெய்யோட” என்றாள் சௌந்தரம்.

இல்லாத ஆறு வழிக்காகத்தான் நான் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு துளி சத்தம் குறையக் கூடாது என்று சண்டை போட்டிருக்கிறேன். நான் காப்பாற்றச் சொன்னதெல்லாம் ஏதோ ஒரு மென்பொருளின் கற்பனை, யாரோ ஒருவர் வீட்டுப் பாயசம்.

“அப்பக் கோபியில ஒரு பொண்ணு பொட்டி கட்டினாளே, மூக்குத்திக்கு?” என்று கேட்டாள் நித்திலா. “அதுவும் இந்த மாதிரிக் கோப்புத்தானுங்களா?”

“நா பாக்கலைங். பாத்தவங்களும் கேட்டிருக்க மாட்டாங்க. புள்ளி ஒரு இடத்துல நின்னுட்டா அப்பறம் ஆரு கேக்கறா?” ஜெசிந்தா திரைப்பக்கம் திரும்பினாள். “ஆனா ஒண்ணுங் ஐயா. அந்தப் பேச்சு நெஜம். அது ஒட்டினது இல்லை. கேமரா மைக்குல மங்கலாத்தான் இருக்குது, பந்தல் மைக்குல தெளிவா இருக்குது. அப்படின்னாப் பின்னாடி இருந்து வரவே இல்லை. பேசினவரு மணவறைக்கு ஒட்டின மாதிரி…”

“போதும் கண்ணு” என்றாள் சௌந்தரம். “நிறுத்து.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஜெசிந்தா நிறுத்தினாள். சௌந்தரம் தொடர்ந்தாள்: “ஒண்ணும் தெரியலைன்னு ஆயிப்போச்சுல்ல. எடுத்துக் கட்டிருங்க. பரிதி, அந்தப் புள்ளைக்குப் பெட்டி தூக்க ஒத்தாசை பண்ணு.”

அவர்கள் பெட்டிகளை வண்டிக்குக் கொண்டுபோனார்கள். நித்திலாவும் கூடப் போனாள். கூடத்தில் நானும் சௌந்தரமும். திரையில் படம் அப்படியே நின்றிருந்தது. குரல் கேட்ட அந்தக் கணம்.

அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எப்போதும் மருதாசலத்தைத்தான் பார்த்தேன். எப்போதும் காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன். அன்றுதான் என் தங்கையைப் பார்த்தேன். மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண். தலை குனிந்தபடியே இருக்கிறது. கண் மட்டும் உயர்ந்து, பந்தலின் இடது காலைப் பார்க்கிறது. அவ்வளவு துல்லியமான படம். கண்ணின் வெள்ளை தெரிகிறது, மை கரைந்த ஓரம் தெரிகிறது. பார்க்கிற இடம் மட்டும் சட்டத்துக்கு வெளியே.

பந்தலின் இடது காலுக்குப் பக்கத்தில் நிற்பது பெண்ணைப் பெற்றவர். வேறு யாருக்கும் அங்கே இடமில்லை. எங்கள் அப்பா வெற்றிலை இல்லாமல் நின்று நான் பார்த்ததில்லை.

“சௌந்தரம், யாரைப் பாக்கறே நீ?”

அவள் திரையைப் பார்க்கவில்லை. “தெரியுதுல்லங்ணா, அப்பறம் எதுக்குக் கேக்கறீங்க?”

“எனக்கு எதுவும் தெரியாது.”

“அப்பா அன்னிக்கே எங்கிட்ட வந்தாருங்ணா. நா காரேறப் போறப்ப. ‘வாய் தவறி வந்துருச்சு கண்ணு. வெளிய தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்’னாரு. கழுத்துல தாலி ஏறின சூடு ஆறலை. நா தலையாட்டினேன்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க அப்பாவைச் சாமின்னு கும்பிட்டுட்டு இருந்தீங்க. சொன்னா ஊரு அவரைத் துப்பும். சொல்லாட்டி நா பொறந்த வீட்டுக்கு வர முடியாது. ரெண்டுல எது சின்னதுன்னு பாத்தேன்.” பாட்டிலின் மூடியைத் திருகினாள். திருகித் திறந்து மறுபடி மூடினாள். “அவரு செத்தப்பவும் வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் போனேன். உள்ளே வந்தா எங்க வீட்டுல கேப்பாங்க.”

இந்தக் குடும்பத்தின் மானத்தை நான் காத்து வருவதாக ஊரில் எனக்குப் பெயர். முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். காத்தவள் காங்கேயத்தில், பகை வீட்டில், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் கல்யாணத்திலிருந்தே அவளுக்கு எல்லா மண்டபமும் இப்போதைய வாய் மூடிய மண்டபம்தான்.

“சரி” என்றேன். “மிஷின்ல ஒண்ணும் தெரியலை. ரெண்டு பக்கமும் தப்பில்லைன்னு முடிச்சுக்கலாம். அவங்களும் ஒத்துக்குவாங்க.”

சொல்லும்போதே அவள் முகத்தைப் பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையாட்டினாள். காரேறும்போது அப்பாவுக்கு ஆட்டிய அதே தலையாட்டலாகத்தான் இருக்க வேண்டும்.

இளம்பரிதி கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். “ஏத்தியாச்சுங் மாமா. என்ன சொல்லட்டும் அவியகிட்ட? தெரியலைன்னு சொல்லிரட்டுமா?”

“சொன்னது உன்ற அப்பச்சி” என்றேன். தாயைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்பச்சி என்போம். “என்னைப் பெத்த அப்பன். நாளைக்கு நானே வந்து மருதாசலம் படத்துக்கு மாலை போட்டு, அவர் மக்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “இதைச் சொல்றதுக்கு இத்தனை மிஷினா மாமா?”

பின்னால் வந்த நித்திலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் பேசாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

சௌந்தரம் பாட்டிலைக் கீழே, நாற்காலிக் காலடியில் வைத்தாள். “ஏ நித்திலா” என்றாள், வீதிவரை கேட்கிற குரலில். “மோர் இருக்குதா? உப்பு நெறையப் போட்டுக் கொண்டா. இந்த வீட்டுல எப்பவும் உப்புக் கம்மி.”

மறுநாள் காங்கேயம் போனேன், சொன்னபடி மன்னிப்புக் கேட்டேன். மருதாசலத்தின் மூத்த மகன் மாலையை என் கையிலிருந்து வாங்கித் தானே படத்துக்குச் சாத்தினான். திருப்பி அனுப்பிய கோடியை அன்று சௌந்தரத்தின் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

இதற்குப் பிறகு ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. இடஞ்சுட்டி எங்கள் அப்பாவின் இடத்தில் புள்ளி வைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது, வேறு வழியில்லாமல் அவினாசியப்பன் தலை குனிந்தார் என்று. தவறு. அந்த இயந்திரம் யாரையும் காட்டவில்லை. சொன்னது நான்.